ஏடி என்ற இரண்டு எழுத்து

டெலிபோன் வழியாக மனிதனோடு மனிதன் பேசுவதைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. காதலர்கள் பேசுவது, கடன்காரர்கள் பேசுவது, ராங் நம்பரில் சண்டை பிடித்துக்கொள்வது எல்லாம் கதைகளிலும் நாடகங்களிலும் வந்து சலித்துவிட்டன. ஆனால் அந்தக் கம்பிக்கே உத்தரவு போடுவதற்கென்று ஒரு தனிப் பாஷை ஏற்பட்டதையும், 1981-ஆம் வருஷத்தில் பிறந்த அந்தப் பாஷை இன்றுவரை சாகாமல் இருப்பதையும் பற்றி நம்மவர்கள் அதிகமாகச் சொல்லக் காணோம். அதன் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லலாமென்று உத்தேசம். படிப்பதற்குக் கணக்கோ விஞ்ஞானமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமை மட்டும் இருந்தால் போதும்.

அந்தப் பாஷையில் எந்த வாக்கியமானாலும் ஏ, டி என்ற இரண்டு இங்கிலீஷ் எழுத்துக்களில்தான் தொடங்க வேண்டும். 'அட்டென்ஷன்' என்ற சொல்லின் குறுக்கம் அது. 'கவனி' என்று அர்த்தம். அதைத் தமிழில் எழுதிப் பார்த்தால் 'ஏடி' என்று வருகிறது! எங்கள் மதுரைப் பக்கத்து வீடுகளில் 'ஏடி, இங்கே வா', 'ஏடி, அடுப்பைப் பாரு' என்று குரல் கொடுப்பதும் கவனி என்ற அர்த்தத்தில்தானே? அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தில் உட்கார்ந்து இதை அமைத்தவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் உத்தரவு போடுகிறவனுடைய குரல் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது.

முதலில், டெலிபோனில் யாருக்கு யார் உத்தரவு போட்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஆதியில் உத்தரவைக் கேட்டு நடத்தியவர் ஒரு மனிதர்தான். சென்னையில் 1882-ல் எர்ரபாலு செட்டித் தெருவில் 17 இணைப்புகளோடு முதல் எக்ஸ்சேஞ்சு திறந்தார்கள். டெலிபோன் வைத்திருந்தவர் ரிசீவரை எடுத்தால் மறுமுனையில் ஒரு ஆபரேட்டர் 'என்ன நம்பர்?' என்று கேட்பார். சொன்னால், கம்பியின் நுனியை எடுத்துப் பலகையில் உள்ள துளையில் செருகி இணைப்பார். இதற்குப் பல காலம் பிறகும் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் டிரங்கால் என்று பதிவு செய்துகொண்டு காத்திருக்க வேண்டும். சாதாரணம், அவசரம், 'லைட்னிங்' என்று மூன்று தரம். மின்னல் என்று பெயர் வைத்த அழைப்பு மின்னலைப் போல வந்துவிடும் என்று யாரும் நம்பவில்லை. மற்றதைவிடச் சற்று முன்னால் வரும், அவ்வளவுதான். அந்த நாளில் ஆபரேட்டரிடம் 'அம்மா', 'ஸார்' என்று குழைந்து பேசியவர்களுக்கு லைன் சீக்கிரம் கிடைத்தது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். உத்தரவு போட்டுக் காரியம் நடக்கவில்லை, வேண்டிக்கொண்டால் நடந்தது.

இந்த ஆபரேட்டரை நம்பாத ஒரு மனிதர்தான் தானியங்கி டெலிபோனைக் கண்டுபிடித்தார். அவர் பெயர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். அமெரிக்காவில் கான்ஸாஸ் ஸிட்டியில் பிணங்களை அடக்கம் செய்து கொடுக்கும் தொழில் அவருக்கு. போட்டிக்காரனுடைய மனைவி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துக்கொண்டு, துக்க வீட்டிலிருந்து தமக்கு வரும் அழைப்புகளையெல்லாம் தன் புருஷனுக்கே திருப்பிவிடுகிறாள் என்று அவர் சந்தேகப்பட்டதாகக் கதை. கதை எவ்வளவு தூரம் மெய்யோ, 1891 மார்ச்சில் அவருக்குப் பேடண்ட் கிடைத்தது மெய். அடுத்த வருஷமே இண்டியானா மாகாணத்தில் லாபோர்ட் என்ற ஊரில் அவருடைய யந்திரம் வேலை செய்யத் தொடங்கியது. நம் தேசத்தில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்சு 1913-14-ல் சிம்லாவில் வந்தது. சர்க்கார் வெயிலுக்கு மலையேறும் இடத்துக்கு எல்லா வசதியும் முதலில் போய்ச் சேருவதில் ஆச்சரியமில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு, 1948-ல் பங்களூரில் ஏற்பட்ட இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், ஸ்ட்ரோஜர் முறை யந்திரங்களை இங்கேயே செய்யத் தொடங்கியது.

வட்டமான டயல் வைத்த கறுப்பு டெலிபோனை இப்போது மியூஸியத்தில்தான் பார்க்க முடிகிறது. அதில் 5 என்ற எண்ணில் விரலை வைத்துச் சுழற்றி விட்டால், டயல் திரும்பி வரும்போது கம்பியில் ஓடும் மின்சாரத்தை ஐந்து முறை அறுத்து அறுத்துச் சேர்க்கும். 0 என்றால் பத்து முறை. அங்கே எக்ஸ்சேஞ்சில் ஒரு கொக்கி ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு படி ஏறும். 'கடக், கடக்' என்று அந்த யந்திரங்கள் போடும் சத்தம் தறிக்கொட்டகையை ஞாபகப்படுத்தும். ஆக, மனித விரல் யந்திரத்துக்கு உத்தரவு போடுவது அப்போதே தொடங்கிவிட்டது. இனி வேண்டிக்கொள்ள வேண்டியதில்லை. வெளியூர் அழைப்புக்கு மட்டும் ஆபரேட்டரின் தயவு வேண்டியிருந்தது. 1960 நவம்பரில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே எஸ்.டி.டி. வந்ததிலிருந்து அதுவும் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைந்தது.

இதற்குள் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஒன்றும் பூஜ்யமும். டெலிபோன் கம்பிக்குத் தெரிந்தது மனிதக் குரலின் ஏற்ற இறக்கம். இரண்டுக்கும் நடுவில் துபாஷி வேலை பார்ப்பதுதான் மோடம். ஒன்று என்றால் ஒரு ஸ்வரம், பூஜ்யம் என்றால் இன்னொரு ஸ்வரம் என்று பாடி அனுப்பும். எதிர்முனையிலிருக்கும் மோடம் அந்தப் பாட்டைக் கேட்டு மறுபடி ஒன்றும் பூஜ்யமுமாக எழுதிக் கொடுக்கும். 1962-ல் வந்த பெல் 103 என்ற மோடம் ஒரு விநாடியில் 300 ஸ்வரம் பாடியது. அதாவது முப்பது எழுத்து. கை வேகமுள்ள ஒரு குமாஸ்தா தட்டச்சு செய்வதைவிட வேகந்தான். ஆனால் ஒரு நாவலை அனுப்புவதென்றால் பொழுது விடிந்துவிடும்.

துபாஷி பேசத் தெரிந்தவனாக இருந்தானே தவிர, கதவைத் தட்டத் தெரியாதவனாக இருந்தான். மனிதன்தான் டெலிபோனை எடுத்து டயல் செய்து, எதிர்முனையில் கீச்சென்ற சத்தம் கேட்டதும் ரிசீவரை இரண்டு ரப்பர்க் கிண்ணங்களுக்குள் அமுக்கி வைக்க வேண்டும். ஏன் இந்த ரப்பர்க் கிண்ணம் என்றால், அமெரிக்காவில் டெலிபோன் கம்பெனி தன்னுடைய கம்பியில் அன்னியர் சாமான் எதையும் சேர்க்க விடவில்லை. கம்பியைத் தொடாமல், ரிசீவரின் காதுக்கும் வாய்க்கும் மட்டும் பாட்டுப் பாடினால் குற்றமில்லை அல்லவா? 1968-ல் கார்ட்டர்ஃபோன் என்ற வழக்கில் அந்தத் தடை தளர்ந்தது. தானாக டயல் செய்யும் கருவிகளும் இருந்தன. ஆனால் அதற்கு வேறொரு பெட்டி, வேறொரு கம்பி, வேறொரு செலவு. பெரிய கம்பெனிகளுக்குத்தான் கட்டும்.

ஜார்ஜியாவில் அட்லாண்டா நகரத்துப் பக்கம் டென்னிஸ் ஹேய்ஸ் என்பவரும் டேல் ஹெதரிங்டன் என்பவரும் 1977-ல் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மோடம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அவர்கள் 1981-ல் வெளியிட்ட 'ஸ்மார்ட்மோடம்' என்ற பெட்டியில்தான் நம்முடைய பாஷை பிறந்தது. டெலிபோனை அதன் தலைமேல் வைக்கலாம் என்பது போன்ற அளவு. முகத்தில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். எந்தக் கம்ப்யூட்டரானாலும் எழுத்துக்களை அனுப்பவும் வாங்கவும் ஒரு கம்பி இருக்கும். அந்த ஒரே கம்பியிலேயே உத்தரவும் வரட்டும், சரக்கும் வரட்டும் என்பதுதான் அவர்கள் செய்த யுக்தி. தனிப் பெட்டி வேண்டாம், தனிக் கம்பி வேண்டாம். எழுத்துத் தட்டத் தெரிந்தால் போதும்.

ஏ, டி, பிறகு டயல் செய் என்பதற்கு இன்னொரு டி, பிறகு டோன் என்பதற்கு மற்றுமொரு டி, அதற்கப்புறம் எண். இங்கிலீஷில் இந்த டி-க்களில் இரண்டு விதம் உண்டு. தமிழில் எழுதினால் 'ஏடிடிடி' என்று தவில்காரர் சொற்கட்டுச் சொல்வது மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சாக இருந்தால் கடைசி எழுத்தை மாற்றிப் 'பி' என்று போட வேண்டும். பழைய டயலைப் போலவே மோடம் மின்சாரத்தை அறுத்து அறுத்து எண்ணைச் சொல்லும். எண்ணின் நடுவில் ஒரு கால் புள்ளி வைத்தால் இரண்டு விநாடி நின்று மேலே போகும்; ஆபீஸ் டெலிபோனில் 0 போட்டு வெளி லைன் வாங்குகிறவர்களுக்கு அது வேண்டும். ஏடி-யோடு ஏ சேர்த்தால் வருகிற அழைப்பை எடு. எச் சேர்த்தால் வை. போன முறை சொன்னதையே மறுபடி செய் என்பதற்கு ஏ போட்டு ஒரு சாய்கோடு. அதற்கு மட்டும் ஏடி வேண்டாம்; பழகின வேலைக்காரனுக்குக் கண்ணசைத்தால் போதாதா?

மோடம் பதில் சொல்வதும் சுருக்கந்தான். 'ஓகே' என்றால் சரி. 'ரிங்' என்றால் யாரோ கூப்பிடுகிறார்கள். 'பிஸி', 'கனெக்ட்' இவற்றுக்கு உரை வேண்டாம். 'நோ காரியர்' என்றால் கட்டிவந்த பாட்டு அறுந்து போயிற்று. இந்த 'நோ காரியர்' என்ற இரண்டு சொல்லைக் கண்டு ஒரு தலைமுறையே பெருமூச்சு விட்டிருக்கிறது. மாடியில் யாராவது தெரியாமல் ரிசீவரை எடுத்துவிட்டால் போதும். அரை மணி நேரமாக இறங்கிக்கொண்டிருந்த சரக்கு அத்தனையும் போய்விடும்.

இந்தப் பாஷையில் இரண்டு சூட்சுமங்கள் இருக்கின்றன. நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் இவை இரண்டும் என்னை வெகுவாகக் கவர்ந்தன.

முதலாவது, ஏன் ஏ, ஏன் டி என்பது. கம்ப்யூட்டர் என்ன வேகத்தில் எழுத்துக்களை அனுப்பப் போகிறது என்பது மோடத்துக்கு முன்கூட்டித் தெரியாது. ஒவ்வொரு எழுத்தும் புறப்படுமுன் 'இதோ வருகிறேன்' என்று ஒரு பூஜ்யத்தை முன்னால் அனுப்பும். ஏ என்ற எழுத்துக்குக் கம்ப்யூட்டர்க் கணக்கில் எண் 65. அதைக் கடைசி இலக்கத்திலிருந்து அனுப்பும்போது முதலில் வருவது ஒன்று. ஆக முன்னே வந்த பூஜ்யம் இரண்டு பக்கமும் ஒன்றுக்கு நடுவில் தனியாக நிற்கிறது. அந்த ஒற்றைப் பூஜ்யம் எவ்வளவு நேரம் நின்றது என்று அளந்தால் வேகம் தெரிந்து போகும்! பிறகு, ஏ-யில் உள்ள ஒன்றுகள் இரண்டு; டி-யில் மூன்று. ஒன்று இரட்டைப்படை, மற்றது ஒற்றைப்படை. எழுத்துக்களோடு சரிபார்ப்புக்காக ஒரு இலக்கம் சேர்த்து அனுப்பும் வழக்கம் உண்டு. அது எந்த முறையில் சேர்க்கப்படுகிறது என்பதை இந்த இரண்டு எழுத்தையும் ஒப்பிட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதாவது, கூப்பிடுகிற குரலிலிருந்தே கூப்பிடுகிறவர் யார், எவ்வளவு அவசரத்தில் இருக்கிறார் என்று மோடம் புரிந்துகொள்கிறது. நம் வீட்டிலும் 'ஏடி' என்ற குரலின் நீளத்தை வைத்துத்தானே அடுக்களையில் இருப்பவர்கள் மேற்கொண்டு வரப்போவதை ஊகிக்கிறார்கள்?

இரண்டாவது சூட்சுமம் இன்னும் நயமானது. இணைப்பு ஏற்பட்டபின் மோடம் தனக்கு வருகிற எழுத்தையெல்லாம் எதிர்முனைக்குப் பாடி அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்போது 'போதும், நிறுத்து' என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அதையும் சரக்கென்று நினைத்து அனுப்பிவிடுமே! மூன்று கூட்டல் குறிகளை அடுத்தடுத்துப் போட்டால் உத்தரவு வரப்போகிறது என்று அர்த்தம் என வைத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு சந்தேகம்: அனுப்புகிற கடிதத்திலேயே மூன்று கூட்டல் குறி இருந்தால்? ஹெதரிங்டன் இதற்கு ஒரு வழி கண்டார். குறிகளுக்கு முன்னால் ஒரு விநாடி மௌனம், பின்னால் ஒரு விநாடி மௌனம். பாய்ந்து போகும் சரக்கில் அப்படி மௌனம் நேராது. மனிதனோ, நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறவன், நிச்சயம் ஒரு விநாடி கையை எடுப்பான். கண்ணிமைப்பதையும் விரல் நொடிப்பதையும் அளவாக வைத்து மாத்திரை கணக்கிட்ட இலக்கணக்காரர்கள் இதைக் கேட்டிருந்தால் சபாஷ் போட்டிருப்பார்கள்.

இந்த மௌனத்துக்கு 1985 அக்டோபரில் பேடண்ட் கொடுத்தார்கள். ஏடி என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். உலகத்திலுள்ள மோடம் கம்பெனிகளெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் அந்த ஒரு விநாடி சும்மா இருப்பதற்கு ஹேய்ஸ் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டும்! சில கம்பெனிகள் மறுத்தன. வழக்கு நடந்தது. 1991-ல் ஜூரிகள் ஹேய்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 1992-ல் அப்பீலிலும் அதுவே நிலைத்தது. எதிராளிகள் மௌனமில்லாத வேறொரு முறையைக் கொண்டுவந்தார்கள். கூட்டல் குறி மூன்றும் அதைத் தொடர்ந்து ஒரு சரியான ஏடி உத்தரவும் வந்தால் போதும் என்று வைத்தார்கள். விளைவு விபரீதமாயிற்று. குறும்புக்காரர்கள் அந்த எழுத்துக்களையே கடிதத்தில் எழுதி அனுப்பினால், அதைத் திருப்பி அனுப்புகிற மோடம் தன் வாயாலேயே தனக்கு உத்தரவு போட்டுக்கொண்டு டெலிபோனை வைத்துவிட்டது. காசு கொடுக்காமல் விட்ட மௌனத்தின் விலை இப்படித் தெரிந்தது. என்னைக் கேட்டால், யுக்திக்குப் பரிசு கொடுத்தது சரி. இருபக்கத்தாரும் வக்கீல்களுக்குக் கொடுத்தது அதிகம். ஹேய்ஸ் கம்பெனி 1994-ல் ஒரு முறை நொடித்தது. 1998-ல் மறுபடி நொடித்து, 1999 ஜனவரியில் சொத்துக்கள் ஏலத்துக்குப் போயின. பாஷையை உண்டாக்கியவர்கள் போய்விட்டார்கள், பாஷை இருக்கிறது.

நம் தேசத்துக்கு இந்தப் பாஷை எப்படி வந்தது? 1986-ல் எர்நெட் என்று ஒரு வலை தொடங்கினார்கள். சென்னை ஐ.ஐ.டி. உள்பட எட்டு ஸ்தாபனங்கள் அதில் சேர்ந்திருந்தன. ஆரம்பத்தில் கம்ப்யூட்டர்க் கடிதங்கள் டெலிபோன் கம்பி வழியாகத்தான் போயின. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைத் தானே கூப்பிட்டு, கடிதக் கட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வைத்துவிடும். பொதுஜனங்களுக்கு இண்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி. வி.எஸ்.என்.எல். அதைச் சென்னை, பம்பாய், டில்லி, கல்கத்தா நகரங்களில் தொடங்கிற்று. கொண்டாட்டமாக ஆரம்பித்த காரியம் முதல் சில மாதங்கள் படுமோசமாக நடந்தது. டயல் செய்தால் லைன் கிடைக்காது; கிடைத்தால் அறுந்து போகும். வெளியூர்க்காரர்களுக்கு எஸ்.டி.டி. கட்டணமும் சேர்ந்துகொண்டது. அப்போது அந்த ஸ்தாபனத்தின் தலைவராக இருந்த பி. கே. ஸிங்கால் பகிரங்கமாகவே தவறு நேர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். சர்க்கார் ஸ்தாபனத்தின் தலைவர் ஒருவர் அப்படி ஒப்புக்கொள்வது அபூர்வம். ஆகையால் இங்கே குறித்து வைக்கிறேன். 1998 நவம்பரில் தனியாருக்கும் அனுமதி கொடுத்த பிறகுதான் சிறு நகரங்களிலும் வீதிக்கு வீதி பிரௌஸிங் சென்டர்கள் முளைத்தன.

எங்கள் கோரிப்பாளையத்தில் அவை முளைத்ததைக் கண்ணால் பார்த்தேன். கோர் என்றால் பாரசீகத்தில் சமாதி. தர்காவில் அடங்கியிருக்கும் பெரியவர்களால் ஊருக்கு அந்தப் பெயர். ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் வழியாக வைகையைத் தாண்டி வடக்கே வருகிற ஜனங்களெல்லாம் இங்கேதான் வந்து சேருவார்கள். ஒரு பக்கம் பெரிய ஆஸ்பத்திரி, இன்னொரு பக்கம் அமெரிக்கன் கல்லூரி, பக்கத்திலேயே பெண்கள் கல்லூரி. பரீட்சை முடிவு பார்க்கும் மாணவர்கள், துபாயில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுத வந்த தகப்பனார்கள், ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டுத் தகவல் சொல்ல வந்தவர்கள் என்று கூட்டத்துக்குக் குறைவில்லை.

2000-ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு மழைக்கால மாலையில் ஒரு பத்திரிகைக்கு அவசரமாகக் கட்டுரை அனுப்ப வேண்டி அப்படிப்பட்ட ஒரு கடைக்கு ஏறினேன். பிளைவுட் தடுப்பு, நாலு கம்ப்யூட்டர், ஒரே ஒரு டெலிபோன் லைன். கடைக்காரப் பையன் புது மோடம் ஒன்றை அன்றுதான் மாட்டியிருந்தான். அது 'நோ டயல்டோன்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. டெலிபோனை எடுத்தால் டோன் கணீரென்று கேட்கிறது!

"என்ன தம்பி, நமக்கே கேட்குது. அது இல்லைங்குதே?" என்றேன்.

"வெளிநாட்டுச் சரக்கு ஸார். அவுங்க ஊரு டோனுதான் அதுக்குத் தெரியும். நம்ம ஊரு டோனு அதுக்கு வெறும் இரைச்சல்."

"பின்னே என்ன செய்யப் போறே?"

"காதைப் பொத்திக்கிட்டு டயல் பண்ணுன்னு சொல்லிற வேண்டியதுதான்" என்று சொல்லி, கறுப்புத் திரையில் ஏடி போட்டு எக்ஸ் போட்டு 3 போட்டான். மோடம் 'ஓகே' என்றது.

அவன் சொன்னது அப்படியே உண்மை. டயல் டோனுக்குக் காத்திராமல் மேலே போ என்று அர்த்தம் அந்த உத்தரவுக்கு. தேசத்துக்குத் தேசம் டோன் வேறுபடுவதால் இப்படி ஒரு வழி வைத்திருந்தார்கள். பிறகு 172 என்று தொடங்கும் எண்ணை டயல் செய்தான். மணி அடித்தது. அதற்கப்புறம் அந்தப் பிரசித்தி பெற்ற அலறல்! முதலில் நீளமாக ஒரு ஒற்றை ஸ்வரம். அது, கம்பியில் எதிரொலியை அடக்குகிற கருவிகளுக்கு 'நீங்கள் சும்மா இருங்கள்' என்று சொல்வதற்காக. அப்புறம் இரண்டு மோடங்களும் என்ன வேகத்தில் பாடலாம் என்று பேரம் பேசும் இரைச்சல். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசுவார்களே, அதுபோலத்தான். இங்கே துண்டு இல்லை. கம்பி நல்ல கம்பியாக இருந்தால் வேகம் படியும். மழை ஈரம் பட்ட கம்பியென்றால் இறங்கி வந்து குறைவான வேகத்துக்கு ஒப்புக்கொள்ளும். 'கனெக்ட் 28800' என்று திரையில் வந்ததும் கடையில் இருந்த நாலு பேரும் கை தட்டாத குறை. பொறியியல் படிப்பில் அந்தப் பையன் தேறினானோ இல்லையோ, யந்திரத்தோடு பேசத் தேறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

கோரிப்பாளையத்திலிருந்து மேலூருக்கு ஒரு மணி நேரத்துக்குள் பஸ்ஸில் போய்விடலாம். அங்கே 2001-ல் வேறொரு சோதனை நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் கார்டெக்ட் என்று ஒரு கம்பியில்லாத் தொலைபேசி முறையை உண்டாக்கியிருந்தார்கள். கிராமத்துக்குத் தாமிரக் கம்பி இழுப்பதுதான் பெருஞ்செலவு. அந்தச் செலவு இதில் இல்லை. சுவரில் மாட்டிய சிறு பெட்டியில் டெலிபோனையும் சேர்க்கலாம், கம்ப்யூட்டரையும் நேரே சேர்க்கலாம். மோடம் தனியாக வாங்க வேண்டாம். விநாடிக்கு 35 அல்லது 70 ஆயிரம் இலக்கம் போகும். ஹார்வர்டு, எம்.ஐ.டி. சர்வகலாசாலைக்காரர்களும், என்-லோக் என்ற கம்பெனியும் சேர்ந்து மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கடைகள் திறந்தார்கள். கண்ணில் கோளாறு என்று வருகிறவர்களைக் காமிராவின் முன் உட்கார வைத்துப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து டாக்டர் பார்த்து, நேரில் வர வேண்டுமா, வேண்டாமா என்று சொல்லுவார். பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போகுமே என்று கண்ணைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! தாலுகா ஆபீஸுக்கு மனுப் போடவும் ஏற்பாடு செய்தார்கள். ஆர்வமுள்ள அதிகாரிகள் இருந்தவரை அது நடந்தது; அவர்கள் மாற்றலாகிப் போனதும் படுத்துவிட்டது. சில வருஷங்களில் பல கடைகள் மூடப்பட்டன. யந்திரம் 'ஓகே' என்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆபீஸிலிருந்து பதில் வரவில்லை.

பிரௌஸிங் சென்டர்களும் போய்விட்டன. கம்பி டெலிபோனே வீடுகளிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. அப்படியானால் ஏடி என்ற பாஷையும் செத்துப்போயிருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் வேடிக்கை. ஐரோப்பாவில் ஜி.எஸ்.எம். என்ற செல்போன் முறையை வகுத்தவர்கள், போனுக்குள் இருக்கும் ரேடியோ மோடத்துக்கு உத்தரவு போட எந்தப் பாஷையை வைக்கலாம் என்று யோசித்து, எல்லோருக்கும் பழகிய ஏடி-யையே எடுத்துக்கொண்டார்கள். குறுஞ்செய்தி அனுப்ப, கூப்பிடுகிறவர் எண்ணைக் காட்ட, அலை எவ்வளவு பலமாக வருகிறது என்று கேட்க, எல்லாவற்றுக்கும் ஏடி-யும் ஒரு கூட்டல் குறியும் போட்டுப் புதிய சொற்கள் சேர்த்தார்கள். இன்றைய 4ஜி மோடங்களும் 'ஏடி' என்றால் 'ஓகே' என்கின்றன.

இதை நான் நேரில் கண்டது அலங்காநல்லூர்ப் பக்கத்தில் ஒரு கிணற்றடியில். கிணற்று மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று முறை வைத்துக் கொடுப்பார்கள். இரவு முறை வந்தால் சம்சாரி நடு இரவில் எழுந்து, டார்ச்சு விளக்கைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து போய் மோட்டாரைப் போட வேண்டும். வரப்பில் பாம்பு, மோட்டார் கொட்டகையில் ஈரச் சுவரும் பழைய சுவிட்சும். இப்படிப் போய்த் திரும்பாதவர்கள் கதை இந்தப் பக்கத்தில் எந்த ஊரில் கேட்டாலும் ஒன்று சொல்லுவார்கள்.

நான் பார்த்த கொட்டகையில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி இருந்தது. உள்ளே ஒரு சிம் கார்டு, தீப்பெட்டிக்கும் சிறிய ஒரு மோடம், அதற்கு உத்தரவு போட ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். சம்சாரி வீட்டுத் திண்ணையிலிருந்து கிணற்றைக் கூப்பிடுகிறார். மோடம் குட்டிக் கம்ப்யூட்டரிடம் 'ரிங்' என்கிறது. கூப்பிடுகிறவர் எண்ணையும் சொல்கிறது. எண் சொந்தக்காரருடையதுதானா என்று பார்த்து, ஆமென்றால் குட்டிக் கம்ப்யூட்டர் ஏடி-யோடு எச் சேர்த்து அழைப்பை வைக்கச் சொல்லிவிட்டு மோட்டாரைக் கிளப்புகிறது. அழைப்பை எடுக்கவே இல்லையாகையால் காசும் இல்லை! நம் ஜனங்கள் மிஸ்டு கால் என்று ஒரு சாஸ்திரத்தையே வளர்த்து வைத்திருக்கிறார்களே, அது இங்கே மோட்டார்வரை வந்துவிட்டது. பிறகு மோட்டார் ஓடுகிறது என்று ஒரு குறுஞ்செய்தி வரும். ஒரு முனை மின்சாரம் நின்றாலும், கிணற்றில் தண்ணீர் வற்றினாலும் அதுவே நிறுத்திவிட்டுச் செய்தி சொல்லும்.

"ராத்திரியிலே இப்ப எந்திரிக்கிறதே இல்லையா?" என்று அவரைக் கேட்டேன்.

"எந்திரிக்கத்தான் செய்யறேன். வயசாயிருச்சில்ல. ஆனா திண்ணையோட சரி" என்றார்.

அவருடைய போனில் அந்த எண்ணுக்குக் 'கெணறு' என்று பெயர் போட்டு வைத்திருந்தார். இதில் ஒரே ஒரு தொந்தரவு என்றார். தம் போனுக்கும் மகன் போனுக்கும் ரீசார்ஜ் செய்வதோடு கிணற்றுக்கும் தேதி பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறதாம். போன கோடையில் மறந்துவிட்டார். சிம் கார்டு அடங்கிப்போய், இரண்டு இரவு டார்ச்சு விளக்கோடு நடந்தார்.